ஃபார்மட் செய்ய வேண்டாம் தம்பி: டிரைவர் கையொப்பப் பிழையும் திறக்காத கணினியும்

குடியாத்தத்தில் ஸ்டிக்கர், பெயர்ப்பலகைக் கடை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பழைய கணினி பழுதாகிவிட்டதால் விண்டோஸ் 10 உள்ள வேறொரு கணினி வாங்கியிருக்கிறார். பல ஆண்டுகளாகக் கைபழகிய, ஸ்டிக்கர் தாளை வெட்டும் கட்டிங் பிளாட்டரை அதில் இணைக்க, அதனோடு வந்த சிடியைப் போட்டபோது டிரைவர் (சாதனத்தைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) ஏறவில்லை. ஒரு வீடியோவில் காட்டியபடி ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, வந்த பட்டியலில் 7-ஐ அழுத்தி, மறுபடியும் சிடியை ஓட்டியிருக்கிறார். ஏறிவிட்டது. இரவு கடை சாத்தும்வரை கட்டர் ஒழுங்காக வெட்டியிருக்கிறது. மறுநாள் காலை கணினியைப் போட்டால் நீலத் திரை. ‘இந்தக் கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, டிரைவர்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஒரு கோப்பின் பெயர், 0000428 என்று முடியும் பிழை எண். ஒவ்வொரு முறையும் 7-ஐ அழுத்தினால்தான் திறக்கிறது. பழுது பார்ப்பவர் ஃபார்மட் செய்தே ஆக வேண்டும் என்கிறார். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கான வேலைகள் எல்லாம் அந்தக் கணினிக்குள் இருக்கின்றன. ஃபார்மட் தவிர வேறு வழி உண்டா, இந்தக் கையொப்பச் சோதனையையே ஒரேயடியாக நிறுத்திவிட முடியாதா என்று கேட்கிறார்.

தம்பி, ஃபார்மட் தேவையே இல்லை. உங்கள் கணினியில் கெட்டுப்போனது எதுவும் இல்லை. சோதனையை நிறுத்துவதற்கு வழி இருக்கிறது. ஆனால் அதைச் செய்யாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் இருபது ஆண்டுகளாகக் கணினி பழுது பார்க்கிறேன். இந்த ஒரு பிழைக்காகத் தேவையில்லாமல் அழிக்கப்பட்ட வன்தட்டுகள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். கல்யாணப் படங்கள், பத்து வருடக் கணக்குகள், கடைக்காரர் இரவெல்லாம் கண்விழித்து வரைந்த டிசைன்கள் எல்லாம் ஒரே மதியத்தில் போய்விடுகின்றன.

அதனால் வேறு எதைத் தொடுவதற்கும் முன்னால், இன்றே 7-ஐ அழுத்தித் திறந்து, வேலைக் கோப்புகள் அனைத்தையும் வெளி வன்தட்டு ஒன்றில் நகலெடுத்துவிடுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் மறக்காமல் பாருங்கள். கட்டர் மென்பொருள் தன் கோப்புகளைத் தன்னுடைய சொந்தக் கோப்புறையிலேயே சேமிக்கும் வழக்கம் உண்டு, அதையும் எடுங்கள். அடுத்து, வன்தட்டிலுள்ளதைப் பிறர் படிக்காமல் காக்கும் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மீட்புத் திரையில் வேலை செய்யும்போதோ, கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் எதையாவது மாற்றிய பிறகோ கணினி அதைக் கேட்கும். சாவி இல்லையென்றால், ஃபார்மட் செய்யாமலே எல்லாக் கோப்புகளையும் இழந்தது போலாகிவிடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் கணினியானால் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சாவி சேமிக்கப்பட்டிருக்கும்.

இனி, என்ன நடந்தது என்று பார்ப்போம். இது புரிந்துவிட்டால் தீர்வு தானாக விளங்கும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். பின்னால் யாராவது சர்வே எண்ணில் ஒரே ஒரு இலக்கத்தைத் திருத்தினால் அந்தப் பத்திரம் செல்லாது. டிரைவர் கையொப்பமும் இப்படித்தான். கோப்பிலுள்ள அத்தனை பைட்டுகளையும் கணக்கிட்டு ஹேஷ் என்னும் ஓர் எண் எடுக்கப்படுகிறது. அந்த எண்ணை வெளியீட்டாளர் தன்னிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் முத்திரையிடுகிறார். கணினி திறக்கும்போது விண்டோஸ் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கிறது. எண் பொருந்தினால், முத்திரை இட்டவர் நம்பத் தக்கவர் என்றும் தெரிந்தால், உள்ளே விடுகிறது. இல்லாவிட்டால் விடுவதில்லை.

ஆகவே இந்தப் பிழைக்கு மூன்று பொருள்கள் உண்டு. அந்தக் கோப்பில் கையொப்பமே இல்லாமல் இருக்கலாம். கையொப்பம் இருந்தும், இட்டவரை விண்டோஸ் ஏற்காமல் இருக்கலாம். அல்லது சரியான கையொப்பம் உள்ள கோப்பு பின்னால் சிதைந்திருக்கலாம். மூன்றுக்கும் திரையில் வருவது ஒரே வாசகம். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் மருந்து கொடுப்பதால்தான் ஃபார்மட் செய்த கணினி பத்தே நாளில் மறுபடி கடைக்கு வருகிறது.

‘இதே சிடி பழைய கணினியில் வேலை செய்ததே’ என்று எழுதியிருந்தீர்கள். அது அநேகமாக 32 பிட் விண்டோஸாக இருந்திருக்கும். 32 பிட் பதிப்புகள் கையொப்பமில்லாத டிரைவரைப் பார்த்தால் எச்சரிக்கை காட்டும். தொடரச் சொன்னால் தொடர்ந்துவிடும். 2007-இல் விற்பனைக்கு வந்த விஸ்டாவின் 64 பிட் பதிப்பிலிருந்துதான் விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் நுழையும் எந்த டிரைவருக்கும் கையொப்பம் கட்டாயமானது. 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பு இன்னும் ஒரு படி இறுக்கியது: புதிய டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பமே வேண்டும். உங்கள் சிடி இந்த விதிகளுக்கெல்லாம் முந்தைய காலத்தில் எழுதப்பட்டது. சிடி கெட்டுவிடவில்லை, சட்டம் மாறிவிட்டது.

அப்படியானால் ஒரு நாள் முழுவதும் கட்டர் வெட்டியது எப்படி? 7 என்னும் தேர்வு அந்த ஒரு முறை திறப்பதற்கு மட்டும்தான் சோதனையைத் தள்ளி வைக்கிறது. அந்த அமர்வு முடியும்வரை கையொப்பமில்லாத டிரைவரும் உள்ளே இருக்கலாம். கணினியை அணைத்து மறுபடி போட்டதும் காவல் திரும்பிவிடுகிறது. வீடியோ போடுபவர்கள் டிரைவர் ஏறியதும் காட்சியை முடித்துவிடுகிறார்கள். மறுநாள் காலையை யாரும் காட்டுவதில்லை. அதுதான் எனக்கு வருத்தம். பார்த்துச் செய்தவர்களில் எத்தனை பேர் நேரே ஃபார்மட் மேசைக்குப் போயிருப்பார்கள்!

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கட்டருக்கான யூஎஸ்பி டிரைவர் மட்டும் கையொப்பமில்லாமல் இருந்திருந்தால் உங்கள் கணினி நன்றாகவே திறந்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் மேல் மஞ்சள் முக்கோணமும், 52 என்ற பிழை எண்ணும் வந்திருக்கும். அவ்வளவுதான். கணினியே திறக்காமல் நிற்கிறதென்றால், சிக்கிய டிரைவர் ‘பூட் ஸ்டார்ட்’ வகை என்று பொருள். விண்டோஸின் அமைப்புகள் பதியப்படும் ரிஜிஸ்ட்ரியில் ஒவ்வொரு டிரைவருக்கும் ‘ஸ்டார்ட்’ என்று ஓர் எண் உண்டு. 0 என்றால் விண்டோஸ் எழுவதற்கு முன்பே, வின்லோட் என்னும் துவக்கி அதைக் கர்னலோடு சேர்த்து ஏற்ற வேண்டும். 1, 2 என்றால் அதற்கு அடுத்தடுத்த கட்டங்களில். 3 என்றால் தேவைப்படும்போது மட்டும். 4 என்றால் முடக்கம். கட்டர், பிரின்டர், எடை இயந்திரம் போன்றவை பெரும்பாலும் 3. உங்கள் கட்டர் மென்பொருள் யூஎஸ்பி டாங்கிள் என்னும் சிறு பூட்டுச் சாவியைச் சொருகினால்தான் ஓடும் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? பழைய டாங்கிள் டிரைவர்களில் சில, திருட்டு நகலைத் தடுப்பதற்காகத் தங்களை 0 என்று பதிந்துகொள்ளும். திரையில் வந்ததாக நீங்கள் குறித்த கோப்பின் பெயரும் டாங்கிளுக்கே பொருந்துகிறது. ஆகவே தடுத்து நிற்பது கட்டர் அல்ல, அதன் பூட்டுச் சாவி.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். 7-ஐ அழுத்தித் திறந்துகொள்ளுங்கள். டாங்கிளையும் கட்டரையும் கழற்றிவிடுங்கள். கன்ட்ரோல் பேனலில் கட்டர் மென்பொருளை நீக்குங்கள். டாங்கிள் டிரைவர் தனியாகப் பட்டியலில் தெரிந்தால் அதையும் நீக்குங்கள். பிறகு 7 இல்லாமல் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பாதிக்குப் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால், நீக்கும்போது அந்தப் பதிவு மட்டும் ரிஜிஸ்ட்ரியில் தங்கிவிட்டிருக்கிறது. மறுபடி 7-ஐ அழுத்தித் திறந்து, ரிஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜ்எடிட்டை நிர்வாகி உரிமையோடு ஓட்டுங்கள். லோக்கல் மெஷின், அதற்குள் சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ் என்று உள்ளே போனால் டிரைவர்களின் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும். திரையில் வந்த கோப்பின் பெயரைத் தேடுங்கள். வலப்பக்கம் ‘இமேஜ் பாத்’ என்ற வரியில் அதே கோப்பு குறிக்கப்பட்டிருந்தால் அதுதான் நாம் தேடியது. முதலில் அந்தப் பதிவை எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் வைத்துக்கொண்டு, ‘ஸ்டார்ட்’ எண்ணை 4 ஆக மாற்றுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். அந்த வரிசையில் உங்கள் வன்தட்டு, விசைப்பலகை எல்லாவற்றின் டிரைவர்களும் இருக்கின்றன.

கோப்பையே அழித்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். பதிவு 0 என்றே இருக்கும்போது கோப்பு மட்டும் இல்லாமல் போனால், கையொப்பப் பிழை போய்க் கோப்பைக் காணவில்லை என்ற பிழை வந்து நிற்கக்கூடும். அப்போது 7-உம் உதவாது. முதலில் 4 ஆக்கி, இரண்டு மூன்று நாள் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு கோப்பை அழித்துக்கொள்ளலாம்.

டிரைவர், ஐஎன்எஃப் என்னும் நிறுவல் குறிப்புக் கோப்பு வழியாக முறையாக ஏறியிருந்தால் விண்டோஸின் டிரைவர் கிடங்கிலும் ஒரு நகல் இருக்கும். அதை நீக்காவிட்டால் டாங்கிளைச் சொருகிய அடுத்த கணமே விண்டோஸ் அதைத் திரும்ப ஏற்ற முயலும். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிஎன்பியூட்டில் என்ற கட்டளையோடு எனம்-டிரைவர்ஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினால் வெளியிலிருந்து வந்த டிரைவர்கள் மட்டும் ஓஇஎம் என்ற பெயரும் ஓர் எண்ணுமாக வரிசையாக வரும். ஒவ்வொன்றின் கீழும் வெளியீட்டாளர் பெயர், தேதி, கையொப்பமிட்டவர் பெயர் இருக்கும். கையொப்பமிட்டவர் இல்லாததைக் குறித்துக்கொண்டு, டெலீட்-டிரைவர் என்ற விருப்பத்தோடு அந்த ஓஇஎம் பெயரைக் கொடுத்து நீக்கலாம். இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால், சிடி ஓட்டிய நாளுக்கு முந்தைய நிலைக்கு விண்டோஸைத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோர் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பத்து நிமிட வேலை. உங்கள் டிசைன் கோப்புகளை அது தொடாது. நான் முதலில் முயல்வது எப்போதும் அதைத்தான். ஆனால் பல கணினிகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது.

உங்களுக்கு 7 வேலை செய்கிறது. அது வேலை செய்யாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். திரையில் மீட்புத் தேர்வுகளே வராவிட்டால், விண்டோஸ் சின்னம் தோன்றும் நேரத்தில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் விண்டோஸ் தானாகவே பழுதுநீக்கும் பகுதிக்குப் போகும். அதுவும் நடக்கவில்லை என்றால் வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் தயாரித்து, அதிலிருந்து பூட் செய்து, ‘இன்ஸ்டால்’ என்பதைத் தவிர்த்து ‘ரிப்பேர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட் என்று போகலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மீட்புப் பகுதியில் உங்கள் சி டிரைவ், டி என்றோ இ என்றோ பெயர் மாறித் தெரியலாம். டிஸ்க்பார்ட்டில் லிஸ்ட் வால்யூம் கொடுத்து, அளவை வைத்து எது விண்டோஸ் உள்ள பிரிவு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதே இடத்தில் ரெஜ்எடிட் ஓட்டினால் அது காட்டுவது மீட்புப் பகுதியின் சொந்த ரிஜிஸ்ட்ரி, உங்களுடையது அல்ல. லோக்கல் மெஷினைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் லோட் ஹைவ் கொடுத்து, உங்கள் விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32, கான்ஃபிக் என்பதற்குள் இருக்கும் சிஸ்டம் என்ற கோப்பை ஏற்றி, அதற்குள் இருக்கும் கன்ட்ரோல்செட்001-இல் மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் அன்லோட் ஹைவ் கொடுக்க மறக்கக் கூடாது. சேஃப் மோடில் இதைத் தீர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சேஃப் மோடிலும் கையொப்பச் சோதனை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

திரையில் வரும் கோப்பின் பெயரை எழுதி வையுங்கள், இல்லையென்றால் கைபேசியில் படம் எடுங்கள் என்று நான் எல்லோரையும் வற்புறுத்துகிறேன். நோய் எதுவென்று சொல்வது அந்த ஒரு வரிதான். வன்பொருள் நிறுவனத்தின் டிரைவர் பெயர் வந்தால் மேலே சொன்ன வழி. வின்லோட் என்ற பெயரே வந்தால் கதை வேறு. புதிய விண்டோஸ் இருக்கும் கணினியில் இரண்டாவதாகப் பழைய விண்டோஸ் ஒன்றை நிறுவும்போது, பழையதன் துவக்கி முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்; புதியதன் வின்லோட்டைச் சரிபார்க்க அதற்குத் தெரியாது. மீட்புப் பகுதியிலிருந்து பிசிடிபூட் என்ற கட்டளைக்குப் புதிய விண்டோஸின் கோப்புறையைக் காட்டினால் சரியான துவக்கி எழுதப்பட்டுவிடும். விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களுக்கு 2019-இல் வேறொரு வழியில் இது வந்தது. மைக்ரோசாஃப்ட் பழைய ஷா-1 ஹேஷ் முறையைக் கைவிட்டு, புதுப்பிப்புகளை ஷா-2 முறையில் மட்டுமே கையொப்பமிடத் தொடங்கியது. ஷா-2-ஐப் படிக்கக் கற்றுத்தரும் புதுப்பிப்பு ஏறாத கணினிகளுக்கு அந்தக் கையொப்பங்கள் புரியவில்லை.

கோப்பு சிதையும் மூன்றாவது வகைதான் அதிகம் ஏமாற்றுவது. ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கின் அலுவலகக் கணினி என்னிடம் வந்தது. தோல்களின் பரப்பளவைச் சதுர அடிக் கணக்கில் அளக்கும் இயந்திரம் அதனோடு இணைக்கப்பட்டிருந்தது. இதே கையொப்பப் பிழைக்காக வெவ்வேறு இடங்களில் மூன்று முறை ஃபார்மட் செய்திருந்தார்கள். அளக்கும் இயந்திரத்தின் டிரைவர்மீதுதான் எல்லோருக்கும் சந்தேகம். நான் ஒன்றும் செய்யாமல் பத்து முறை போட்டுப் போட்டு அணைத்து, ஒவ்வொரு முறையும் வந்த பெயரை எழுதினேன். முதல் முறை வன்தட்டு டிரைவர், அடுத்த முறை யூஎஸ்பி, அதற்கடுத்து மைக்ரோசாஃப்டின் சொந்தக் கோப்பு, நடுவில் இரண்டு முறை பிழையே இல்லாமல் திறந்தது. ஒரு டிரைவர்தான் குற்றவாளி என்றால் பெயர் மாறாது. பெயர் மாறிக்கொண்டே இருந்தால் கோப்புகளில் குறையில்லை. அவற்றைப் படித்து வைத்துக்கொள்ளும் நினைவகத்தில் குறை. ஒரே ஒரு பிட் புரண்டாலும் ஹேஷ் பொருந்தாது, கையொப்பம் செல்லாது. இரண்டு ராம் குச்சிகளில் ஒன்றைக் கழற்றியதும் நோய் நின்றது. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86, கழற்றிய குச்சியில் பிழைகளை வரிசையாகக் காட்டியது. அக்கினி நட்சத்திர வெயிலில் தகரக் கூரையின் கீழ், தூசி அடைத்த மின்விசிறியோடு ஆண்டுக்கணக்காக ஓடிய கணினி அது. அதே போல, எப்போதும் ஒரே பெயர் வந்து, அது மைக்ரோசாஃப்டின் சொந்தக் கோப்பாக இருந்தால் வன்தட்டைச் சந்தேகியுங்கள். மின்சாரம் போய்ப் போய் வரும் இடங்களில், எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோன கோப்பு பாதியோடு கிடக்கும். செக்டிஸ்க், எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்னும் கட்டளைகள் அதற்கான மருந்து. வன்தட்டிலிருந்து சத்தம் வந்தால் மருந்து வேண்டாம். உடனே தரவை வெளியே எடுங்கள்.

பயாஸில் தேதியைப் பின்னுக்குத் தள்ளினால் சரியாகிவிடும் என்று ஒரு யோசனையும் உலவுகிறது. சான்றிதழ் செல்லும் காலத்திலேயே நேரமுத்திரையோடு கையொப்பமிடப்பட்ட டிரைவர், சான்றிதழ் காலாவதியான பிறகும் செல்லும். கையொப்பமே இல்லாத உங்கள் டாங்கிளுக்குத் தேதி மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை. வங்கித் தளங்களும் ஜிஎஸ்டி தளமும் திறக்காமல் போவதுதான் மிச்சம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, சோதனையை ஒரேயடியாக நிறுத்துவது. டெஸ்ட் சைனிங் என்னும் நிலையைப் பிசிடிஎடிட் கட்டளையால் இயக்கலாம். அதற்கு முதலில் பயாஸில், கையொப்பமுள்ள துவக்கியை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். அது இயங்கும்போது விண்டோஸ் இந்த மாற்றத்தை மறுத்துவிடும். அணைத்தால் பிட்லாக்கர் சாவி கேட்கும். அத்தனையும் செய்த பிறகும், டெஸ்ட் சைனிங் நிலை உங்கள் சிடியின் டிரைவரை அப்படியே ஏற்காது. சோதனைக்காக எடுத்த சான்றிதழாவது ஒன்று அதில் இருந்தாக வேண்டும். டிரைவர் எழுதுகிறவர்கள் தங்கள் மேசையில் சோதித்துப் பார்ப்பதற்கான வழி அது. கடைக்கானது அல்ல.

நான் தடுப்பதற்கான காரணம் இதைவிடப் பெரியது. கர்னலுக்குள் இருக்கும் டிரைவருக்கு மேலே அதிகாரி யாரும் இல்லை. உங்கள் விசைப்பலகையில் விழும் ஒவ்வொரு எழுத்தையும் அது படிக்கலாம். வைரஸ் தடுப்பு மென்பொருளின் கண்ணிலிருந்து கோப்புகளை மறைக்கலாம். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் கணினிப் புழுவை எழுதியவர்கள் ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு தைவான் நிறுவனங்களின் கையொப்பச் சாவிகளைத் திருடிப் பயன்படுத்தினார்கள். திருட வேண்டிய தேவை அவர்களுக்கு ஏன் வந்தது? கையொப்பமுள்ள டிரைவரை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்பதால்தான். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பழுதான புதுப்பிப்பு, முறையாகக் கையொப்பமிட்ட டிரைவரைத் தடுமாற வைத்தது. உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. கையொப்பமுள்ள, நல்ல எண்ணமுள்ள டிரைவருக்கே இவ்வளவு வலு இருக்கும்போது, யார் எழுதியது என்றே தெரியாத ஒன்றுக்குக் கதவைத் திறந்து வைக்கலாமா? நீங்கள் அந்தக் கணினியில்தான் வாடிக்கையாளர்களின் பென் டிரைவ்களைச் சொருகுகிறீர்கள். அதில்தான் வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள். அந்தப் பென் டிரைவ்களில் கெட்டது ஒன்று போதும்.

உங்களுக்கு வேண்டியது கட்டர் வெட்ட வேண்டும் என்பதுதானே? அதற்கு நல்ல வழி இருக்கிறது. கட்டிங் பிளாட்டர்களில் பல உள்ளே ஒரு சிறிய யூஎஸ்பி-சீரியல் சிப் வைத்திருப்பவை. கணினிக்கு அது ஒரு காம் போர்ட்டாகவே, அதாவது சீரியல் இணைப்பாகவே தெரியும். அந்தச் சிப்பைச் செய்யும் நிறுவனங்கள் கையொப்பமிட்ட டிரைவர்களைத் தங்கள் தளங்களிலேயே இலவசமாகத் தருகின்றன. பல நேரங்களில் விண்டோஸ் அப்டேட்டே தந்துவிடும். கட்டரைச் சொருகி, டிவைஸ் மேனேஜரில் அந்த மஞ்சள் முக்கோணத்தின் ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடி என்று போய்ப் பாருங்கள். விஐடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் 0403 என்று இருந்தால் அது எஃப்டிடிஐ சிப். 1ஏ86 என்று இருந்தால் சிஎச்340 வகை. 067பி என்று இருந்தால் ப்ரோலிஃபிக். இதில் போலிச் சிப்புகள் அதிகம், அசல் நிறுவனத்தின் புதிய டிரைவர்கள் அவற்றை ஏற்க மறுத்து 10 என்ற பிழை எண்ணைக் காட்டும். அப்படி வந்தால் டிரைவரோடு மல்லாடாதீர்கள். கட்டரில் பழைய 9 முனை சீரியல் போர்ட் இருந்தால் எஃப்டிடிஐ சிப் உள்ள ஒரு யூஎஸ்பி-சீரியல் கேபிளை வாங்கி அதன் வழியாக இணையுங்கள். எல்லா வகை டிரைவர்களையும் ஒன்றாகப் புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை மட்டும் இறக்கவே இறக்காதீர்கள்.

டாங்கிள் விஷயத்தில் முதலில் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தைப் பாருங்கள். சென்டினல் வகையாக இருந்தால் விண்டோஸ் 10, 11-க்கான கையொப்பமிட்ட டிரைவர் கிடைக்கும். பழைய டாங்கிளே அதில் ஓடும் வாய்ப்பு உண்டு. கிடைக்காவிட்டால் டாங்கிள் கேட்கும் அந்த மென்பொருளையே விட்டுவிடலாம். இங்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளில் எக்ஸ்டென்ஷன்ஸ், எக்ஸ்போர்ட் என்பதற்குள் ‘பிளாட்’ என்று ஒரு வசதி இருக்கிறது. கட்டர், பிளாட்டர்களுக்கான எச்பிஜிஎல் மொழியைப் புரிந்துகொள்ளும் வகையானால், காம் போர்ட்டின் எண்ணையும் வேகத்தையும் கொடுத்து நேரே வெட்டச் சொல்லலாம். வேகம் பல கட்டர்களில் 9600. கட்டரின் சொந்தத் திரையிலும் பார்க்கலாம். கோரலில் வரைந்ததை எஸ்விஜியாக ஏற்றுமதி செய்து இதில் திறந்துகொள்ளுங்கள். தமிழ் எழுத்துகளை ஏற்றுமதிக்கு முன்பே கர்வ்ஸ், அதாவது வெறும் கோடுகளாக ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி, ‘கெங்கையம்மன்’ என்பது வேறு ஏதோவாக வெட்டப்பட்டு வரும்.

பழைய மென்பொருள்தான் வேண்டும், கை அதில்தான் ஓடும் என்றால், பழைய 32 பிட் கணினி ஒன்றைச் சரிசெய்து கட்டருக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அதற்கு இணையம் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர் பென் டிரைவ் அதைத் தொடக் கூடாது. டிசைனைப் புதிய கணினியில் சோதித்து, உங்கள் சொந்த பென் டிரைவ் ஒன்றில் மட்டும் கொண்டுபோங்கள். ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் பழைய இயந்திரங்களை வைத்திருப்பவர்களுக்கு நான் செய்துதருவது இந்த ஏற்பாட்டைத்தான். சிரசுத் திருவிழாவுக்கு நாள் குறைவாக இருப்பதால் உங்களுக்கும் இப்போதைக்கு இதுவே விரைவானது. இங்க்ஸ்கேப்பைத் திருவிழா கழிந்து நிதானமாகப் பழகிக்கொள்ளுங்கள்.

இன்று இரவு நகல் எடுப்பதையும் ‘ஸ்டார்ட்’ எண்ணை மாற்றுவதையும் முடித்துவிடுங்கள். பிறகும் நீலத் திரை வந்தால், அதில் வரும் கோப்பின் பெயர் முன்பு வந்ததேதானா, வேறா என்று பார்த்துச் சொல்லுங்கள். கட்டரின் விஐடி எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.